சிறையிலிருந்து சந்தைக்கு: ஓர் அமெரிக்கக் காதற் பாடலின் சமூக வரலாறு

1. பிரச்சினை

வெகுசனப் பாடல்கள் பற்றி நமது முற்போக்கு விமர்சனம் அதிகம் பேசியதில்லை. பேசிய சந்தர்ப்பங்களிலும் பெரும்பாலும் ஒரு தீர்ப்பை வழங்குவதோடு அது அமைந்துவிட்டது. காதற் பாடல்கள் மக்களை மயக்குவன. வாழ்வின் உண்மைப் பிரச்சினைகளிலிருந்து அவர்களது கவனத்தைத் திருப்புவன. முதலாளித்துவப் பொழுதுபோக்குத் தொழிலின் உற்பத்திப் பொருள்கள் என்பதே அத்தீர்ப்பு. இதில் உண்மை உண்டு. ஆயினும் இது விளக்கமாகாது. ஒரு பாடல் எதனைக் கொண்டு மயக்குகின்றது, மயங்குவோர் அதனிடம் எதனைத் தேடி வருகின்றனர் என்னும் வினாக்கள் இத்தீர்ப்புக்குப் பின்னரும் விடையின்றியே நிற்கின்றன.

மதத்தைப் பற்றி 1844இல் எழுதிய மார்க்ஸ் அதனை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடவில்லை என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் அவர் அதனை ஒருங்கே கண்டார். மதத்துக்குக் காட்டிய இவ்வியங்கியல் நோக்கினை, கோடிக்கணக்கான மக்கள் தம் தனிமையில் கேட்கும் ஒரு மூன்று நிமிடப் பாட்டுக்குக் காட்ட நாம் ஏன் தயங்குதல் வேண்டும்?

மறுபுறத்தில், வெகுசன இசையை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்த ஜேர்மானிய அறிஞர் தியோடோர் அடோர்னோ, அமெரிக்காவில் புகலிடம் பெற்றிருந்த காலத்தில், 1941இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கடுமையான முடிவுக்கு வந்தார். இத்தகைய பாடல்கள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்படுவன. அவற்றிடையே தோன்றும் வேறுபாடுகள் போலியானவை. கேட்போன் ஏற்கெனவே தெரிந்ததையே மீண்டும் இனங்கண்டு மகிழ்கின்றான் என்பது அவரது வாதம். அவர் கூறியவற்றுட் பெரும்பகுதி இன்றும் மறுக்க முடியாதது. ஆனால் அச்சினுள் வார்க்கப்படும் பொருள் யாது, அது எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவுக்கு அவர் போதிய இடம் அளிக்கவில்லை.

இவ்வினாவை ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட பாடல் ‘அன்செயின்ட் மெலடி’ என்பது. தலைப்பினைத் ‘தளை நீங்கிய மெட்டு’ எனத் தமிழாக்கலாம். 1955இல் தோன்றிய இப்பாடல், 1965இல் றைச்சஸ் பிறதர்ஸ் என்னும் இருவர் குழுவின் ஒற்றைப்பாட்டு இசைத்தட்டாக, அதாவது ‘சிங்கிள்’ ஆக, வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஆங்கிலக் காதற் பாடல்களுள் மிகப் பலரால் மீளப் பாடப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் புகழன்று. அது பிறந்த இடமும் அது சென்றடைந்த இடமும் ஒன்றுக்கொன்று மிகத் தூரமானவை. அத்தூரத்தைக் கடக்கையில் அது எவற்றை இழந்தது, எதனை இழக்கவில்லை என்பதை நாம் அடிக்கடியாகப் பின்தொடர முடிகின்றது.

2. தோற்றுவாய்

கலிபோர்ணியா மாநிலத்தின் சீனோ என்னும் இடத்தில் 1941இல் ஆடவருக்கான ஒரு சிறைச்சாலை திறக்கப்பட்டது. உயர்ந்த மதில்களையும் ஆயுதந் தாங்கிய காவலையும் நம்பாது, கைதிகளின் பொறுப்புணர்வை நம்பி நடத்தப்பட்ட சிறை என்பதால் அது அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டது. அதன் முதல் அத்தியட்சகரான கென்யன் ஸ்கடர், கைதிகளும் மனிதரே என்னும் கருத்தினைத் தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். அந்நூலை அடிப்படையாகக் கொண்டு ஹோல் பார்ட்லெற் என்பவர் இயக்கிய திரைப்படம் 1955இல் வெளியானது. ‘தளையறுந்தோர்’ எனும் பொருள்தரும் ‘அன்செயின்ட்’ என்பதே படத்தின் பெயர். தப்பியோடிவிடுவதா, தண்டனைக் காலத்தை முடித்துக்கொண்டு முறைப்படி மனைவியிடம் திரும்புவதா எனத் தடுமாறும் ஒரு கைதியின் கதை அது. இப்படத்துக்கென எழுதப்பட்டதே நமது பாடல். பாடலின் பெயர் படத்தின் பெயரிலிருந்து வந்தது. பாடலின் சொற்களில் ‘தளை’ என்பதோ ‘தளை நீங்குதல்’ என்பதோ எங்கும் இல்லை. ‘தளை நீங்கிய’ என்னும் அடைமொழி உண்மையில் படத்தைச் சுட்டுவது. அது சிறையின் அடையாளம்.

பாடலை ஆக்கியோர் இருவரும் கவனத்துக்குரியவர்கள். இசையமைத்த அலெக்ஸ் நோர்த் (1910–1991) ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். முப்பதுகளில் மொஸ்கோ இசைக் கல்லூரியிற் பயின்றவர். பொருளாதார மந்தத்தின்போது வேலையற்ற கலைஞருக்கு அரசு வேலையளித்த கூட்டாட்சி நாடகத் திட்டத்திலும், முற்போக்கு நடனக் குழுக்களோடும் தொழிற்பட்டவர். பின்னர் ஹொலிவூட்டின் முதன்மையான இசையமைப்பாளருள் ஒருவரானார். மெக்சிக்கோ விவசாயிகளின் எழுச்சியைச் சித்திரிக்கும் ‘விவா சபாட்டா’ (1952), ரோமானிய அடிமைகளின் கிளர்ச்சியைச் சித்திரிக்கும் ‘ஸ்பார்ட்டகஸ்’ (1960) ஆகிய படங்களுக்கும் இசையமைத்தவர் அவரே.

பாடலை எழுதிய ஹை சாரெற் (1907–2007) சட்டம் பயின்ற நியூயோர்க்வாசி. நாற்பதுகளில் இனவெறுப்பைக் கண்டித்தும் சகிப்புணர்வை வலியுறுத்தியும் வானொலிக்கெனச் சிறு பாடல்கள் பலவற்றை எழுதினார். நாசிகளுக்கெதிரான பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்திற் பிறந்த ஒரு பாடலுக்கு ஆங்கில வடிவம் தந்தவரும் அவரே. ‘பார்ட்டிசான்’ என்னும் அப்பாடலை 1969இல் லெனாட் கோயன் பாடி இசைத்தட்டில் வெளியிட்டதால் இன்று பலரும் அறிவர்.

திரைப்படத்தில் இப்பாடலை ஒரு கைதியாக நடித்துப் பாடியவர் டொட் டங்கன் என்னும் கறுப்பினப் பாடகர். 1935இல் ஜோர்ஜ் கேர்ஷ்வினின் ‘போர்கியும் பெஸ்ஸும்’ என்ற இசைநாடகத்தில் தலைமைப் பாத்திரத்தை முதன்முதல் ஏற்றவர் அவர். 1936இல் அந்நாடகம் தலைநகர் வாஷிங்டனில் மேடையேறவிருந்தபோது, கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கும் அரங்கிற் பாட மறுத்து நடிகர்களின் எதிர்ப்புக்கு முன்னின்றார். அரங்கின் நிர்வாகம் பணிந்தது. அந்நாடகம் நிகழ்ந்த நாள்களில் இன ஒதுக்கல் அங்கு கைவிடப்பட்டது.

இவ்விவரங்களால் இப்பாடல் ஒரு புரட்சிப் பாடலாகிவிடாது. அது கூலிக்கு எழுதப்பட்ட ஒரு திரைப்படப் பாடலே. ஆயினும் அதனை ஆக்கியோரும் பாடியவரும் ஒடுக்குதலை அனுபவத்தாலும் கருத்தாலும் அறிந்தவர்கள். சுதந்திரம் பறிக்கப்பட்ட ஒருவனின் வாயில் அவர்கள் வைத்த பாடல் அது என்பதை மறந்துவிட்டு அதன் சொற்களைப் படிக்க முடியாது.

3. பாடுவோன் யார்?

பாடலின் பொருள் மிக எளியது. பாடுவோன் தன் அன்புக்குரியவளிடமிருந்து நெடுங்காலம் பிரிந்திருக்கின்றான். அவளுடைய தொடுதலுக்காக ஏங்குகின்றான். காலம் மெல்ல நகர்வதையும், அதுவே பலவற்றைச் செய்துவிட வல்லது என்பதையும் எண்ணுகின்றான். அவள் இன்னும் தன்னுடையவளாகவே இருக்கின்றாளா என ஐயுறுகின்றான். இடைப்பகுதியில் ஆறுகள் கடலை நோக்கிச் செல்வதைச் சொல்லி, தானும் வீடு திரும்பப்போவதாகவும் காத்திருக்கும்படியும் வேண்டுகின்றான். இவ்வளவே.

பாடலை மட்டும் தனியே கேட்பவனுக்கு இது எந்தக் காதலனும் பாடக்கூடிய ஒன்று. சிறையிற் பாடப்படுவது என்று அறிந்தவனுக்கோ ஒவ்வொரு கூற்றும் வேறு கனம் பெறுகின்றது. காலம் மெல்ல நகர்தல் காதல் நோயின் வழமையான உபசாரமன்று. தண்டனை என்பதே காலத்தால் அளக்கப்படுவது. அவள் இன்னும் தன்னவளா என்னும் ஐயம், வெளியுலகத்தோடு தொடர்பற்றவனின் ஐயம். ஆறு கடலுக்குச் செல்லத் தடையில்லை, பாடுபவனுக்குத் தடையுண்டு. வீடு திரும்புவேன் என்பது அவன் தன் விருப்பப்படி நிறைவேற்றக்கூடிய வாக்குறுதியுமன்று.

நமது அகப்பாடல் மரபினை அறிந்தோர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தானாகவே எழும். அன்பின் ஐந்திணையிற் காதலரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாதென்று தொல்காப்பியம் விதித்தது. அனுபவம் ஒருவருக்குரியதாக நின்றுவிடாது யாவருக்கும் பொதுவாதற்கு அவ்விதி வழிசெய்தது. ஆனால் அதே மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது. பிரிவைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் வகுத்துச் சொன்னது. ஓதல், பகை, தூது, பொருள் என்பன அக்காரணங்கள். முல்லைத்திணைத் தலைவி கார்காலத்திற் காத்திருப்பது தலைவன் வேந்தனின் போர்ப்பணி மேற் சென்றிருப்பதனாலேயே. அங்கு பெயர் நீக்கப்படுகின்றது, காரணம் நீக்கப்படுவதில்லை. எனவே அப்பாடல்களிலிருந்து அக்காலச் சமூக உறவுகளை, அரசு உருவாக்கத்தை, பொருள்தேடும் முயற்சியை நம்மால் உய்த்துணர முடிகின்றது.

நமது ஆங்கிலப் பாடலில் நிகழ்ந்தது வேறு. அதிலும் பெயர் இல்லை. ஆனால் நிலமும் இல்லை. பிரிவின் காரணமும் இல்லை. அவை திரைப்படத்தில் இருந்தன. திரைப்படத்திலிருந்து பாடல் பிரித்தெடுக்கப்பட்டு இசைத்தட்டானபோது அவை பின்னால் விடப்பட்டன. காரணமற்ற ஏக்கம் மாத்திரம் சந்தைக்கு வந்தது.

4. 1955: பண்டமாகப் பாட்டு

திரைப்படத்தை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. பாடலோ அதே ஆண்டில் பல வடிவங்களில் வெளிவந்தது. கப்பிட்டல் நிறுவனம் லெஸ் பாக்ஸ்ரரின் வாத்தியக் குழுவும் சேர்ந்திசையும் கொண்டதொரு வடிவத்தை வெளியிட்டது. டெக்கா நிறுவனத்துக்காக, முன்னர் டியூக் எலிங்ரனின் குழுவிற் பாடிய, பார்வையற்ற கறுப்பினப் பாடகர் அல் ஹிப்லர் பாடினார். எப்பிக் நிறுவனத்துக்காக, கறுப்பின மக்களின் ஆலயப் பாடல் மரபில் வந்த றோய் ஹமில்ற்றன் பாடினார். பிரித்தானியாவில் ஜிம்மி யங்கின் வடிவம் விற்பனையில் முதலிடம் பெற்றது. ஹிப்லர், பாக்ஸ்ரர் ஆகியோரது வடிவங்களும், பியானோக் கலைஞர் லிபராச்சியின் வடிவமும் அதே காலத்தில் முதல் இருபது இடங்களுள் இருந்தன.

ஒரே பாட்டினை ஒரே பருவத்திற் பலர் பாடி வெளியிடுதல் இன்று விந்தையாகத் தோன்றலாம். அன்றைய உற்பத்தி முறையில் அது இயல்பானது. இசைத்தொழிலின் மையத்தில் அப்போது இருந்தவர் பாடல் வெளியீட்டாளர். அவருடைய பண்டம், தாளில் எழுதப்பட்ட பாட்டு. யார் பாடினாலும், எந்த நிறுவனம் இசைத்தட்டாக்கினாலும், எந்த வானொலி ஒலிபரப்பினாலும் உரிமைப்பணம் அவருக்கும் ஆக்கியோருக்கும் சேரும். எனவே பலர் பாடுதல் அவருக்கு இலாபம். இசைத்தட்டு நிறுவனங்களோ, வெற்றிபெறும் எனக் கண்ட பாட்டை மற்றையோர் முந்துமுன் தாம் பதிவுசெய்துவிட விரைந்தன. எவரும் பாடத்தக்கதாக, எந்த இடத்தையும் சாராததாக ஒரு பாட்டு இருத்தல் இம்முறைக்கு வசதியானது. ஒரு சிறைச்சாலையைப் பெயர் சொல்லிப் பாடும் பாட்டை இத்தனை பேர் பாடியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்க இசைச் சந்தை அன்று நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. பில்போர்ட் என்னும் தொழிற்துறைச் சஞ்சிகை கறுப்பின மக்களின் கொள்வனவைத் தனிப் பட்டியலாக வெளியிட்டது. ‘இன இசைத்தட்டுகள்’ என்று அதற்கிருந்த பெயரை 1949இல் ‘றிதம் அன்ட் புளூஸ்’ என மாற்றியது. ஹிப்லரும் ஹமில்ற்றனும் இத்தனிப் பட்டியல்களில் முதலிடம் பெற்றனர். பொதுச் சந்தையின் விற்பனையில் முதலிடம் பெற்றது வெள்ளையரான பாக்ஸ்ரரின் வடிவம். அதே 1955இன் இறுதியில், டிசம்பர் மாதம், மொன்ட்கொமெரி நகரிற் பேருந்துப் பகிஷ்கரிப்புத் தொடங்கியது. ஹிப்லர் பின்னர், 1963இல், பேர்மிங்ஹாம் நகரில் நடைபெற்ற சம உரிமைப் போராட்டத்திற் பங்குகொண்டார். ஒரு கறுப்பினக் கைதியின் வாயிலாக முதலில் ஒலித்த ஏக்கம், அதனை உண்மையில் அறிந்த மக்களிடம் ஒரு பட்டியலாகவும் ஏனையோரிடம் இன்னொரு பட்டியலாகவும் விற்கப்பட்டது.

5. 1965: பண்டமாக ஒலி

பத்தாண்டுகளில் உற்பத்தி முறை மாறியது. நிமிடத்துக்கு 45 தரம் சுழலும் ஏழு அங்குலச் சிறு தட்டினை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் அறிமுகஞ் செய்திருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, மலிவானது, எளிதில் உடையாதது. காசு போட்டால் ஒலிக்கும் இசைப்பெட்டிக்கும் வானொலி அறிவிப்பாளருக்கும் ஏற்றது. போருக்குப் பிந்திய அமெரிக்கப் பொருளாதாரம், கைச்செலவுக்குப் பணம் வைத்திருக்கும் பதின்ம வயதினரை ஒரு புதிய நுகர்வோர் கூட்டமாக உருவாக்கியது. அவர்கள் வாங்கியது தாளில் எழுதப்பட்ட பாட்டையன்று. குறிப்பிட்ட ஒருவர் பாடிய, குறிப்பிட்ட விதமாக ஒலிக்கும் ஒரு தட்டை. பண்டம் பாட்டிலிருந்து ஒலிக்கு மாறியது.

இம்மாற்றத்தின் உச்சத்தில் நின்றவர் லொஸ் ஏஞ்சல்ஸைத் தளமாகக் கொண்டு இயங்கிய தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர். பல பியானோக்களையும் கித்தார்களையும் ஒரே வேளையில் ஒலிக்கச்செய்து, எதிரொலியோடு கலந்து, ஒலியை ஒரு சுவர்போல் எழுப்புதல் அவரது முறை. இசைக்கலைஞர்கள் நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டனர். அவர்கள் யாவரும் கூட்டாக ஆக்கியது தயாரிப்பாளரின் தனிப்பாணி எனச் சந்தையில் அறியப்பட்டது.

றைச்சஸ் பிறதர்ஸ் என்போர் பொபி ஹற்பீல்ட், பில் மெட்லி என்னும் வெள்ளை இளைஞர் இருவர், உடன்பிறந்தோரல்லர். கறுப்பின ரசிகர் தம்மைப் பாராட்டிக் கூறிய சொல்லே தமது குழுவின் பெயராயிற்று என அவர்கள் கூறியுள்ளனர். அவர்களது பாணி கறுப்பின ஆலய இசையிலிருந்தும் புளூஸ் இசையிலிருந்தும் பெறப்பட்டது என்பதற்கு அப்பெயரே ஒப்புதல் வாக்குமூலமாகும்.

1965இல் ஸ்பெக்டரின் பிலெஸ் நிறுவனம் அவர்களது ஒற்றைத் தட்டொன்றை வெளியிட்டது. முதற்பக்கத்தில் இருந்தது, ஸ்பெக்டரும் அன்றைய புகழ்பெற்ற பாடலாசிரியரான ஜெரி கோபினும் கரோல் கிங்கும் சேர்ந்து இயற்றிய ‘ஹங் ஒன் யூ’ என்னும் பாடல். விற்கப்படவேண்டியது அதுவே. மறுபக்கத்தை நிரப்புதற்கு, ஹற்பீல்ட் தனித்துப் பாடிய பத்தாண்டுப் பழைமையான ‘அன்செயின்ட் மெலடி’ இடப்பட்டது. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். மறுபக்கம் பில்போர்ட்டின் நூறு பாடல்கள் கொண்ட பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறியது. இப்பதிவைத் தயாரித்தவர் தாமே என்று மெட்லி பிற்காலத்திற் கூறியிருக்கின்றார். ஆயினும் உலகம் அதனை ஸ்பெக்டரின் படைப்பாகவே நெடுங்காலம் கருதிவந்தது.

பதிவின் அமைப்பை நோக்குவோம். முதற்பகுதி, அதன் மறுபடி, வேறுபட்ட இடைப்பகுதி, மீண்டும் முதற்பகுதி என்னும் அமைப்பு அன்றைய ஆங்கில மெல்லிசையின் பொது அச்சு. அடோர்னோ சுட்டிய அச்சு இதுவே. ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும் மெதுவான தாளமும் அக்காலக் காதற் பாடல்களுக்குப் பொதுவானது. ஆனால் ஏறத்தாழ மூன்றரை நிமிட நேரத்தில் ஹற்பீல்டின் குரல் செல்லும் பாதை கவனிக்கத்தக்கது. அது தாழ்ந்த, ஏறக்குறையப் பேச்சுப் போன்ற குரலில் தொடங்குகின்றது, படிப்படியாக உயர்கின்றது, இறுதிப் பகுதியில் இயல்பான குரலின் எல்லையைக் கடந்து மேலே எழுகின்றது. சொற்கள் கூறாத தடையொன்றைக் குரல் முட்டிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு கேட்போனுக்கு ஏற்படுகின்றது. சொல்லில் இல்லாத சிறை ஒலியில் எஞ்சியிருக்கின்றது எனக் கூறின் அது மிகையாகாது. கறுப்பின ஆலய இசையின் இரங்கற் குரல் மரபு இதனைச் சாத்தியமாக்கியது.

தட்டைத் திருப்பிய செயலும் சிந்திக்கத்தக்கது. தொழிலதிபர் விற்க எண்ணிய பண்டம் ஒன்று. மக்களிடம் சென்றது வேறொன்று. அறிவிப்பாளரும் அத்தொழிலின் ஓர் அங்கமே. அவர்களிற் பலர் நிறுவனங்களிடம் இரகசியமாகப் பணம் பெற்றதை 1959–60இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை அம்பலப்படுத்தியது. எனினும் இச்சந்தர்ப்பத்தில் தொழிலின் திட்டம் தவறியது. கேட்போர் ஊட்டியதை உண்ணும் குழந்தைகள் மாத்திரமல்லர் என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

6. 1990 முதல் 2002 வரை: பண்டமாக நினைவும் முகமும்

1990இல் ‘கோஸ்ட்’ என்னும் ஹொலிவூட் திரைப்படம் வெளியானது. அதன் நாயகன் நியூயோர்க்கின் நிதித்துறையில் தொழில்புரியும் வசதியான இளைஞன். நாயகி மட்பாண்டக் கலைஞர். அவள் சக்கரத்திற் களிமண்ணை வனைந்துகொண்டிருக்க அவன் வந்து அணையும் காட்சியில் ஹற்பீல்டின் பழைய பதிவு ஒலிக்கின்றது. பின்னர் அவன் கொலையுண்டு ஆவியாகின்றான். மதிலால் ஏற்பட்ட பிரிவு இங்கு மரணத்தால் ஏற்பட்ட பிரிவாக மாற்றப்படுகின்றது. சிறையை மனிதர் கட்டினர்; மனிதர் திறக்கலாம். மரணத்துக்கு அவ்வாறு யாரும் பொறுப்பாளியல்லர். காரணமற்றதாக்கப்பட்ட ஏக்கத்துக்கு, எவராலும் மாற்ற முடியாத ஒரு காரணம் புதிதாக வழங்கப்பட்டது. கைதியின் பாட்டு வங்கியாளனின் பாட்டாயிற்று.

படத்தைத் தொடர்ந்து இருபத்தைந்து ஆண்டுப் பழைய தட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தது. பிரித்தானியாவில் அது முதலிடம் பெற்று அவ்வாண்டில் மிக அதிகமாக விற்ற ஒற்றைத் தட்டாயிற்று. அமெரிக்காவில் ஒரு விசித்திர நிலை தோன்றியது. பழைய பதிவின் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. எனவே றைச்சஸ் பிறதர்ஸ் அதே பாடலைப் புதிதாக மீளப் பாடிக் கேர்ப் என்னும் நிறுவனத்தின் மூலம் வெளியிட்டனர். இரு பதிவுகளும் ஒரே காலத்தில் முதல் இருபது இடங்களுள் நின்றன. ஐம்பது வயதான ஹற்பீல்ட், தமது இருபத்துநான்கு வயதுக் குரலோடு சந்தையிற் போட்டியிட நேர்ந்தது. உழைத்தவனிடமிருந்து அவனது உழைப்பின் விளைபொருள் பிரிந்து, அவனுக்கு எதிராக ஓர் அந்நியப் பொருளாய் நிற்கும் என மார்க்ஸ் 1844இல் விளக்கியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இசையுலகிற் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பாடலை ஒலிபரப்பும்போது ஆக்கியோருக்கும் வெளியீட்டாளருக்குமே உரிமைப்பணம் செலுத்துகின்றன. பாடியவருக்குச் செலுத்த வேண்டிய சட்டக் கடமை அவற்றுக்கு இல்லை என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

பிரித்தானியத் தொலைக்காட்சியில் இராணுவ வீரரின் வாழ்வைச் சித்திரித்த ஒரு தொடர்நாடகத்தில் றொப்சன் கிறீன், ஜெறோம் பிளின் என்னும் நடிகர் இருவர் இப்பாடலைப் பாடினர். பின்னர் 1995இல் அதனை அவர்கள் தட்டாக வெளியிட, அதுவும் முதலிடம் பெற்றது. 2002இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியொன்றில் இரண்டாம் இடம் பெற்ற கரெத் கேற்ஸ் என்னும் பதினேழு வயது இளைஞரின் முதலாவது தட்டும் இதுவே. அதுவும் முதலிடம் பெற்றது. இவ்விரு வடிவங்களும் பிரித்தானியாவில் தனித்தனியே பத்து இலட்சத்துக்கு மேல் விற்றன. இங்கு விற்கப்பட்டது பாட்டுமன்று, ஒலியுமன்று. வாரந்தோறும் தொலைக்காட்சியிற் பார்த்துப் பழகிய முகம் விற்கப்பட்டது. ஏற்கெனவே யாவரும் அறிந்த பாட்டு, அம்முகத்தை ஒட்டிவைக்கும் பசையாகப் பயன்பட்டது.

ஆக, அரை நூற்றாண்டில் ஒரு பாட்டு நான்கு விதமான பண்டங்களாக விற்கப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். 1955இல் தாளில் எழுதிய பாட்டாக. 1965இல் குறிப்பிட்ட ஒலியாக. 1990இல் பழைய பதிவின் உரிமையாக, அதாவது நினைவாக. 1995இலும் 2002இலும் முகமாக. சொற்கள் மாறவில்லை, மெட்டு மாறவில்லை. மாறியவை உற்பத்தி முறையும் உடைமை உறவுகளுமே. கலைப்பொருளின் கருத்து அதன் சொற்களுள் மாத்திரம் அடங்கியிருப்பதில்லை என்பதை வலியுறுத்த இவ்வுதாரணம் போதுமானது.

7. முடிவாக

ஒவ்வொரு கட்டத்திலும் பாடல் தன் தோற்றுவாயிலிருந்து விலகிச் சென்றது. முதலிற் சிறை மறைந்தது. பின்னர் அதனைப் பாடிய கறுப்பினக் கைதி மறைந்தான். பின்னர் மறுபக்கத்தைத் தயாரித்தவரின் பெயர் மங்கியது. இறுதியில் பாடியவரின் குரலே அவருக்கு அந்நியமாயிற்று. ‘தளை நீங்கிய’ என்னும் தலைப்பு ஏன் வந்தது என்பதை 1990இல் அதனை வாங்கியோருட் பெரும்பாலோர் அறிந்திருக்க நியாயமில்லை.

ஆயினும் அரை நூற்றாண்டாக மக்கள் இதனைத் தேடி வந்திருக்கின்றனர். விளம்பரத்தால் மாத்திரம் இதனை விளக்க முடியாது. இதைவிடப் பெருஞ்செலவில் விளம்பரம் செய்யப்பட்ட பாடல்கள் எத்தனையோ மறைந்துவிட்டன. இதனோடு ஒரே தட்டில் முதற்பக்கத்தில் வந்த பாடலை இன்று நினைப்போர் அரியர். காலம் தன்னுடையதல்ல என்னும் உணர்வும், அன்புக்குரியோரிடம் திரும்பிச் செல்லும் உரிமை பிறர் கையில் இருப்பது என்னும் உணர்வும் சிறைக் கைதிக்கு மாத்திரம் உரியனவல்ல என்பதே காரணமாதல் வேண்டும். தன் நாளின் மணித்தியாலங்களை விற்று வாழ்பவன் அதனை அறிவான். கடல்கடந்து கூலி வேலைக்குச் சென்றவனும் அவனை எதிர்பார்த்திருப்பவளும் அறிவர். போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டவன் அறிவான். தடுத்துவைக்கப்பட்டோரின் வாயிலில் நிற்கும் தாய்மாரும் மனைவியரும் அறிவர். அவர்கள் கேட்கும் ஏக்கம் போலியன்று. இசைத்தொழில் அதனை உருவாக்கவில்லை, எடுத்து விற்றது. விற்பதற்கு வசதியாக அதன் காரணத்தை அறுத்துவிட்டது.

இவ்விடத்திலேதான் விமர்சகனின் பணி உள்ளது. ஏக்கத்தைப் பொய்யென்று இகழ்ந்தால், அதனை மெய்யாக உணரும் மக்களிடமிருந்து நாம் விலகிவிடுவோம். அவர்களைச் சந்தையிடம் முழுமையாக ஒப்படைத்தவருமாவோம். மாறாக, அதன் அழகில் மயங்கி மனித மனத்தின் என்றுமுள்ள உணர்வு என்று போற்றினால், சந்தை செய்த வேலையையே நாமும் செய்தவராவோம். செய்யத்தக்கது மூன்றாவது வழி: அறுக்கப்பட்ட காரணத்தை மீளக் கண்டெடுத்து ஏக்கத்தோடு சேர்த்துக் காட்டுதல். பிரிவைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர் பிரிவின் காரணத்தையும் சொல்லினர். இன்றைய வெகுசனப் பாடல் சொல்லாது விடுவதை, அதனைக் கேட்கும் மக்களுக்கு ஆய்வாளர் சொல்லுதல் வேண்டும்.

இப்பாடலை அடுத்த முறை எங்கேனும் கேட்க நேரும்போது, 1955ஆம் ஆண்டின் ஒரு சிறைக்கூடத்தையும் அங்கு பாடிய டொட் டங்கனையும் நினைவிற்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். பாட்டின் சுவை அதனாற் குறைவதில்லை. எதற்காக அவன் ஏங்குகின்றான், அவனைத் தடுப்பது எது என்பன அப்போதுதான் முழுமையாக விளங்கும்.